குப்பியில் செத்த புற்று

தையல்நாயகி, உப்பளக்காரி பாஞ்சாலையின் இரண்டாவது மகள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை அவளுக்கு. எழுபத்தெட்டாம் வருஷம் பெருங்குடலில் புற்று என்று புதுச்சேரியில் சொல்லிவிட்டார்கள். உடனே அறுத்தால் பிழைப்பாள், தள்ளிப்போட்டால் இல்லை என்றார்கள். புருஷன் கலியன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும், அறுக்க வேண்டாம் என்ற தன் அண்ணன் தேசப்பனுக்கும் அதே தலையை ஆட்டினான்.

தேசப்பன் பெரிய மேதை. உப்பள வரப்பில் முளைக்கிற உமரிச் செடியைப் பிடுங்கி, கோணியில் கட்டி, ஆராய்ச்சி செய்கிற சென்னைக் கல்லூரிக்காரருக்குக் கொடுப்பான். அவ்வளவுதான் படிப்பு. அந்தச் செடியின் சாறு பட்டுப் புற்று செத்தது என்று அவர் ஒருநாள் வாய்விட்டதும், இவன் தன்வந்திரிக்கே தாய்மாமன் ஆகிவிட்டான்.

"கிழிக்கிறவன்கிட்ட எதுக்குடா போற? நம்ம வரப்புல மொளைக்கிறதுக்குப் பட்டணத்துப் புத்தே செத்துடுச்சி."

தினம் ஒரு சொம்பு சாறு. குடித்தவளுக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று.

"பாத்தியா, கரைஞ்சி வருது" என்றான் மகானுபாவன்.

கல்லூரிக்காரர் அடுத்த முறை செடி வாங்க வந்தபோது, தையல்நாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்புக்கே போய்விட்டாள்.

"சார், இந்தச் சாறுல புத்து செத்துச்சாமே?"

"கண்ணாடிக் குப்பிக்குள்ளம்மா. உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்குதில்ல, அப்படித்தான் உடம்பு அணுவும் கெடும். கெடாம காக்க அதுக்குள்ளயே ஒரு சரக்கு இருக்குது, என்சைம்னு பேரு. புத்து அணுவுல அந்தக் காவலை இந்தச் சாறு கொறைக்குது. அதான் சாவுது."

"குடிச்சா?"

"தெரியாதும்மா. யாருக்கும் குடுத்ததில்ல."

"குப்பியில இருக்கிறது யாரு வயித்துப் புத்து?"

"சீமையில ஒரு அம்மாவோடது."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

"எறந்து வருஷமாச்சு. புத்துதான் இன்னும் குப்பி குப்பியா வளருது."

தேசப்பன் கட்டிய கோணியையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவள், கோணியைப் பிடித்து நின்ற கலியன் பக்கம் திரும்பினாள். "நான் பாண்டி பஸ்ஸுக்குப் போறேன். நீ வர்றியா, இல்ல ஒங்கண்ணனுக்குக் கோணி புடிக்கிறியா?"

கலியன் தலையாட்டினான். அன்றைக்குத்தான் அது சரியான பக்கம் ஆடியது.

அறுத்தார்கள், பிழைத்தாள். தேசப்பனோ, "பாதி எஞ்சாறு கரைச்சது, மீதியத்தான் டாக்டரு அறுத்தான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தான்.

மறு வருஷம் அவன் வயிற்றிலேயே வலி வந்தது. தையல்நாயகி சொம்பு நிறைய உமரியைப் பிழிந்து எடுத்துப் போனாள்.

"குடிங்க மாமா. பட்டணத்துப் புத்தே செத்துடுச்சாம்."

அவன் சொம்பைப் பார்க்காமல் செருப்பைத் தேடினான்.

"பாண்டி பஸ்ஸு போயிடுச்சா?"