பெருமாள் அண்ணன் வார்த்த காரீயச் சுத்தியல்கள்

சென்ற வியாழக்கிழமை காலை ஆலையின் சாமான் கிடங்கைத் திறந்துகொண்டிருந்தபோது பெருமாள் அண்ணனின் மனைவி சரசு அண்ணி அழைத்தார். "தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா," என்றார்.

லாபிஸ் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குப் பெருமாள் அண்ணனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் எங்கள் ஆலையில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். என் இடது கண் போனது அவர் அடித்த அடியில்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், பழம் குவிந்த ஒரு மாதத்தில், இயந்திரத் தண்டில் ஒரு பல்சக்கரம் இறுகிப்போய் ஆலை நின்றது. வாசலில் லாரிகள் காத்துக்கிடந்தன. நான் தண்டைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் எஃகுச் சுத்தியலால் சக்கரத்தை அடித்தார். மூன்றாவது அடியில் ஒரு சில்லு தெறித்து என் கண்ணில் பாய்ந்தது.

மருத்துவமனைக்குத் தினமும் வந்தார். என் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் வராந்தாவிலேயே நின்றுவிட்டுப் போனார். நான்காம் நாள் உள்ளே வந்தார்.

"செல்வம், இனிமே என் கையில இரும்புச் சுத்தியல் இருக்காது," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று எனக்கு அது ஆத்திரமாக இருந்தது.

நான் கிடங்கு வேலைக்கு மாற்றப்பட்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால், நான்கு புறமும் திறந்த தகரக் கொட்டகையில், கேஸ் அடுப்பும் இரும்புச் சட்டியுமாக இறங்கிவிட்டார். டயர் கடைகளில் சக்கரம் ஆடாமல் இருக்கப் பொருத்திப் பின் கழற்றிப்போடும் காரீயத் துண்டுகளை வாங்கி உருக்கினார். காரீயம் மிருதுவானது. எஃகின் மேல் அடித்தால் தான் நசுங்குமே தவிர எஃகைச் சிதறவிடாது.

முதல் முறை வார்ப்பு அச்சில் ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றியதும் காரீயம் வெடித்துக் கிளம்பி அவர் முன்கையைச் சுட்டுவிட்டது. "அலமாக், ஐயோ, போதுங்க, விட்டுடுங்க," என்று அண்ணி அழுதாராம். மறுவாரமே கட்டுப் போட்ட கையோடு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். அச்சை முதலில் நன்றாகச் சூடேற்றிக் காயவைத்தார். கைப்பிடிக் குழாயின் நுனியில் துளைகள் போட்டு, காரீயம் அவற்றுக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளச் செய்தார். அண்ணியும் தன் பங்குக்குச் சட்டம் போட்டார்: "காரீயம் விஷம். அந்தச் சட்டையோட வாசப்படி ஏறாதீங்க. வருசா வருசம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். சம்மதம்னா ஊத்துங்க." அண்ணன் கடைசிவரை அதை மீறவில்லை.

வீட்டில் செய்த கருவிக்கு ஆலையில் இடமில்லை என்றார் அப்போதைய மேலாளர். அண்ணன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுத்தியலோடு போய் நின்றார். ஏழாவது திங்களன்று, பழைய பல்சக்கரம் ஒன்றைத் தரையில் வைத்து, மேலாளர் கண்ணெதிரே இருபது அடி அடித்தார்.

"சார், ஒரே ஒரு சில்லு எடுத்துக் காட்டுங்க. நான் இதத் தூக்கிப் போட்டுர்றேன்."

மேலாளர் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். மறுநாள் முதல் சுத்தியல் ஆலைக்குள் இருந்தது.

பிறகு சாஆ, காஹாங் என்று பக்கத்து ஊர்களுக்கும் மோட்டார் சைக்கிள் கூடையில் ஏற்றிக்கொண்டு ஆலை ஆலையாகப் போனார். அடித்து அடித்து முகம் நசுங்கிய சுத்தியல்களைத் திரும்ப வாங்கிவந்து உருக்கி, மீண்டும் வார்த்துக் கொடுத்தார். "யாருண்ணே கேட்டா உங்கள?" என்றேன் ஒருமுறை. "கேக்குற வரைக்கும் கண்ணு காத்திருக்காதுலா," என்றார்.

என்னிடம் ஒரு உண்மை இருந்தது. பதினோரு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டியில் மிதந்த கசடை வழித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. வேர்க்குதுன்னு கழட்டி வச்சிட்டேன். சீக்கிரம் அடிங்கன்னு சொன்னதும் நான்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியும். பைக்கு வெளிய அதோட கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பாத்தேன். போட்டுக்கடான்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? சொல்லாம அடிச்சேன்."

பிறகு அவர் கரண்டியை எடுத்தார், நான் அச்சைப் பிடித்தேன். அன்று முதல் எல்லா ஞாயிறும் அங்கேதான் இருந்தேன்.

இதயம் பலவீனமாகி, ஐந்தடி நடக்கவே மூச்சு வாங்கிய நிலையிலும், இரு வாரங்களுக்கு முன் ஒரு சுத்தியலைத் தானே வார்த்தார். கரண்டியை வாங்கப் போன என் கையைத் தலையசைத்துத் தடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, தோள் நடுங்க, காரீயத் தாரை மட்டும் அறுபடாமல் அச்சு நிறையும்வரை ஊற்றினார். அதன் பிறகே உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்குக்கு ஏழு ஆலைகளிலிருந்து பிட்டர்கள் வேலைச் சட்டையோடு வந்திருந்தார்கள். என் மனைவி சரசு அண்ணியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போட என் முறை வந்தது. குனிந்து அவர் காதருகே சொன்னேன்:

"அண்ணே, அந்த அடி நம்ம ரெண்டு பேரோடதும்தான். உங்க பங்க நீங்க முடிச்சிட்டீங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். நீங்க நிம்மதியா போங்க."