பேனரின் கீழ்வரிசை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அழுகைக்கு முன்பே பேனர் வந்துவிடும். மேலே இறந்தவர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிப்பார். கீழே ஒரே வரிசையில், தபால்தலை அளவில், துக்கப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஊர் அரசியல் முழுவதும் அந்தக் கீழ்வரிசையில்தான் இருக்கிறது. தன் படம் விடுபட்டதற்காகச் சொந்தத் தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவர்களை எனக்குத் தெரியும். படம் போடுவதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. போட்டதற்காக ஒருவர் கோபித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் மன்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எங்களுடையது ஒரு பாடகரின் ரசிகர் மன்றம். மல்லசமுத்திரத்தில் பிறந்து, கோயில் நோம்பிக் கச்சேரிகளில் பாடி, பிறகு சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கைபேசி வந்த காலத்தில் ஊர் ஊராகப் பரவியவர். நன்றாகப் பாடினார். நன்றாகக் குடித்தார். அவருடைய குடியைக் கச்சேரியில் இன்னொரு வாத்தியம் என்பதுபோல ரசிகர்கள் ஏற்றுக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஈரல் கெட்டு சேலத்தில் இறந்தார்.

நான் வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். மன்றத்தைப் பதிவு செய்தபோது விதிமுறைகளை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாவத்துக்குக் கௌரவத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதும், சட்டையைப் பிடிக்கிற கட்டம் வந்தால் விதியைச் சொல்லி நிறுத்துவதும் என் பொறுப்பு. கூட்டத்தில் எது பேசினாலும் வந்திருக்கும் அனைவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. பின்வரிசையில் கிசுகிசுக்கும் இரண்டு பேரை மனதில் வைத்து அதை எழுதினேன்.

முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தைப் பற்றிப் பேச, மன்றத் தலைவரின் ரிக் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிற்பகல் கூடினோம். தலைவருக்குப் போர்வெல் தொழில். வண்டிகள் வடக்கே போய் மாதக்கணக்கில் கிடக்கும். அன்று ஒரு வண்டி மட்டும் பழுதுக்கு வந்து நின்றது. அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தேநீர் வருவதற்குள் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் சிலுவை.

"இங்க தலைவர் யாருங்க?"

பொறுப்பு என்று ஒன்று வந்ததும் எல்லா அலுவலகத்திலும் நடப்பதுபோல, அத்தனை விரல்களும் என்னைக் காட்டின.

அவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாடகரின் குழுவில் வருடக்கணக்காகப் பெண் குரல் பாடியவர். எங்கள் பேனரின் கீழ்வரிசையில் முதல் படம் அவருடையது. பாடகரோடு மேடையில் நின்ற பழைய படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பேனர் இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று எங்கள் பேருந்து நிறுத்தத்தில். இன்னொன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பாடகர் கடைசிக் காலத்தில் அறையெடுத்துத் தங்கியிருந்த சந்தின் முனையில்.

நாற்காலியைக் கொடுத்தோம். அவர் அதைச் சற்றுத் திருப்பிப் போட்டு, இடது பக்கம் எங்களை நோக்கும்படி உட்கார்ந்தார்.

"என் படத்தை எடுத்துருங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

செயலாளர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏனுங்க அம்மிணி, மரியாதைக்குத்தானுங்க மொத ஆளாப் போட்டது. நாயா அலைஞ்சு பேனர் அடிச்சவன் நானு. எம்படமே கடைசியிலதான் கெடக்குது."

"மொத ஆளாப் போட்டதுதாங்க வினை. அந்தச் சந்துக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு. எங்க மாதா கோயில் அன்பியக் குழுக்காரங்க மெழுகுவத்தியோட வந்து அவர் ஆத்துமாவுக்கு ஜெபமாலை சொல்லிட்டுப் போனாங்க. எங்க வீட்டுல! ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மனசைத் தேத்திக்கங்கங்குறாங்க. எங்க வீட்டுக்காரர் முழுசா உசுரோட, காப்பித் தம்ளரோட நிக்கறார். அவரைத் தாண்டி வந்து எனக்கு ஆறுதல் சொல்றாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எம் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. அந்தச் சந்து வழியாத்தான் வரணும். அந்த ஆளுக்காக நான் அழுவறேன்னு பார்த்துட்டு வரக்கூடாது. அவர் அடிச்ச அடியில என் வலது காது போச்சு. அதுக்கப்புறம் மேடையே ஏறல. கோயில்ல பாடறதுகூட இந்த ஒத்தைக் காதை வெச்சுத்தான்."

அந்தப் பேனருக்கு அனுமதி எண் கிடையாது. ஒரு மனு கொடுத்தால் சட்டப்படி இறக்கிவிடலாம். ஆனால் அந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் இளைப்பாறும் என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதற்காகக் காத்திருக்காது. இங்கேயே முடிவு செய்தாக வேண்டும் என்று சொல்லி, பேச விரும்புகிறவர்களைப் பேசச் சொன்னேன்.

செயலாளர்தான் முதலில் எழுந்தார். "குடிச்சாரு. அடிச்சாரு. யாரு இல்லைன்னாங்க? பாட்டுக்கு வேற பில்லு, ஆளுக்கு வேற பில்லு. ரெண்டையும் ஒண்ணாப் போடப்படாதுங்க. இப்பப் படத்தை எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு ஊரே கேக்கும். அப்பறம் முப்பதாம் நாளு இதுதான் பேச்சா இருக்கும்."

மன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியை உண்டு. அவர் மெதுவாகச் சொன்னார். "நான் அவர் பாட்டையெல்லாம் போன்ல இருந்து எடுத்துட்டேன் சார். ஆனாச் சமைக்கறப்ப வாய் அதுபாட்டுக்கு முணுமுணுக்குது. அதை எப்படி எடுக்கறது?"

"அப்ப எதுக்குங்க டீச்சர் மன்றத்துல இருக்கறீங்க?"

"அதைக் கேக்கத்தான் இருக்கறேன்."

தலைவர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பேசினால் அதட்டுகிற மாதிரிதான் வரும். "எங்க வண்டி மத்தியப் பிரதேசத்துல கெடக்கறப்ப, எங்காளுக தூங்காம வண்டி ஓட்டி ஊடு வந்து சேந்தது அந்தாளு கொரலுனால. எத்தனை பேரு பொண்டாட்டி புள்ளையப் பாத்தது அவருனால. அதையும் சித்தெ ரோசனை பண்ணோணும்." பிறகு அந்தப் பெண்மணி பக்கம் திரும்பாமலே சொன்னார். "அதுவுமில்லாம, அது சும்மா ஒரு தட்டுங்க. சுருதி தப்புனா வாத்தியாரு தட்டறதில்லையா?"

"பாட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க" என்றார் அந்தப் பெண்மணி. "அந்த மாதிரிப் பாட ஆள் கிடையாது. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியாதா?" எழுந்து நின்றார். "தட்டுன்னீங்களே. எங்க, இந்தப் பக்கமா வந்து எதாச்சும் சொல்லுங்க."

தலைவர் அசையவில்லை. அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். கௌரவத்துக்குப் பயந்தாவது எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தார். அந்தப் பெண்மணியின் வலது பக்கம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாப்பிட்டீங்களா, பஸ்ஸு கெடைச்சுதா என்று ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதற்குத்தான் போனார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

தலைவர் சொன்னது இது. "அது தட்டு இல்லம்மா. மேடைக்குப் பொறகால நானும் நின்னேன். உங்காதுல ரத்தம் வந்துச்சு. சீலைத் தலைப்ப வெச்சு அமுக்கீட்டு உக்காந்துட்டே. பொம்பளைக்கு மயக்கம், வேற ஒண்ணுமில்லைன்னு மைக்குல சொன்னது நாந்தான். கச்சேரி நிக்கப்படாதுன்னு சொன்னேன்."

அதட்டிப் பழகிய தொண்டை. தணித்துப் பேசியும் கடைசி நாற்காலி வரை கேட்டது. கேட்காதவர் ஒரே ஒருவர்தான்.

அந்தப் பெண்மணி எங்கள் முகங்களைப் பார்த்தார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "என்ன சொன்னார்?"

எல்லோரும் ரிக் வண்டியின் பழுதைப் பார்க்க ஆரம்பித்தோம்.

"ஏங்க, என்ன சொன்னார்னு கேக்கறேன்."

செயலாளர் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க அம்மிணி. சௌக்கியமான்னு கேட்டாரு."

நானே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அது கேள்விப்பட்ட செய்தி. பார்த்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது கேள்விப்பட்டவன் சாட்சி சொல்வது எந்த விசாரணையிலும் செல்லாது. தலைவரைப் பகைத்துக்கொண்டு எங்கள் ஊரில் இருப்பது சுலபமில்லை என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. என் தோட்டத்துக் குழாய்க்கிணற்றில் மோட்டார் சிக்கினால் அவர் ஆட்கள்தான் வந்து தூக்க வேண்டும்.

"செயலாளர் உக்காருங்க" என்றேன். "தலைவரே, கூட்டத்துல சொல்றது வந்திருக்கற எல்லாருக்கும் கேக்கணும்னு விதி இருக்கு. ஒருத்தருக்குக் கேக்கல. இந்தப் பக்கமா வந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

"சார், வுடுங்க சார்."

"விதியை நான் எழுதினேன். கையெழுத்து நீங்க போட்டீங்க."

அவர் என்னை முறைத்த முறைப்பில் என் மோட்டார் அப்போதே சிக்கிவிட்டது. வெளியே போய்விடுவார், மன்றம் இரண்டாக உடையும், ஞாயிற்றுக்கிழமை பேனர் அப்படியே நிற்கும் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைச் சுற்றி வருவதற்கு, சின்னச் சந்தில் ரிக் வண்டியைத் திருப்புகிற நேரம் எடுத்துக்கொண்டார். இடது பக்கம் வந்தார். திரும்பச் சொன்னார். இந்தத் தடவை வார்த்தைகள் தட்டுத்தடுமாறின. மைக் விஷயத்தை மட்டும் முழுங்கப் பார்த்தார். பிறகு அதையும் சொன்னார்.

அந்தப் பெண்மணி அழவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார்.

"அந்த மயக்கம்னு சொன்ன கொரல் நீங்கதானா? ஊரெல்லாம் என்னைய அரை வயித்துக்காரி, பட்டினி கெடந்து மேடை ஏறுறவளுன்னு பேசிச்சு."

தலைவர் தலையை ஆட்டினார்.

"சரி. படத்தை எடுத்துருங்க."

கேட்டு வந்ததைத் தவிர வேறொன்றும் கேட்காத மனுதாரரை என் பணிக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தலைவர் அங்கேயே நின்றபடி பேனர்க் கடைக்காரருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க. மூஞ்சி இருந்த இடத்துல வெள்ளையா இருந்தா, என்னமோ ஏதோன்னு இன்னும் நாலு பேர் மெழுகுவத்தியோட வருவாங்க" என்றார் அந்தப் பெண்மணி.

வேறொருவர் முகத்தை ஒட்டலாம் என்றார் கடைக்காரர். தலைவர் சுற்றிலும் பார்த்தார். முதல் இடத்துக்கு எப்போதும் அடித்துக்கொள்ளும் எங்கள் மன்றத்தில் அன்று ஒருவரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை.

"கீழ்வரிசைய மொத்தமா அறுத்துப்போடு" என்றார் தலைவர். "ரெண்டு எடத்துலயும்."

"மொத்தமாவா?" செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எல்லார்த்து படமுமா?"

"எல்லார்த்துதும். என்ற படத்தத்தான் மொதல்ல."

சனிக்கிழமை எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வேலை இருந்தது. மனைவி அப்படி எதுவும் சொல்லவில்லை, நானே உண்டாக்கிக்கொண்டேன். தீர்மானம் நிறைவேறினால் மட்டும் போதாது, நிறைவேற்றப்பட்டதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சந்து முனையில் ஆட்டோக்களுக்கு நடுவே பேனர் நின்றது. அடியில் சவுக்குக் கம்புகள் வெளியே தெரிந்தன. அறுத்த ஓரம் காற்றில் அடித்துக்கொண்டது. மேலே அவர் மட்டும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தார். துக்கப்பட ஒரு ஆள் இல்லை.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், நான் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, இந்தாளுக்கு யாருமே இல்லீங்களா?"

"இருந்தாங்க" என்றேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அது என் அதிகார வரம்புக்குள் வராது. பருப்புக் கடைக்குள் யாரோ கைபேசியில் அவர் பாட்டைப் போட்டிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் பிடித்த பாட்டு. பெண் குரல் வரும் இடம் வரை நின்று கேட்டுவிட்டு, பேருந்துக்கு நடந்தேன்.