மாப்பிள்ளை தட்டில் வைத்த சம்பால்

என் மருமகன் தமிழ்நாட்டுக்காரர். இறால் அவர் உடம்புக்கு ஆகாது. சென்ற பள்ளி விடுமுறையில் மலேசியாவில் எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானிலிருந்து குடும்பமாகப் பங்கோர் தீவுக்குப் போனோம். ஒரு மலாய்க்காரர் கடையில், குழம்பில் இறால் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சோறும் சுட்ட மீனும் வாங்கினேன்.

மகள் குழந்தைக்குக் கை கழுவிவிடப் போயிருந்தாள். மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த மிளகாய்ச் சம்பாலை நானே மருமகன் தட்டில் இரண்டு கரண்டி வைத்தேன்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை, இதுல இறாலெல்லாம் இல்ல லா."

மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சற்று நேரத்தில் உதடு தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கிளினிக்கில் ஊசி போட்ட பிறகே அடங்கியது.

"சம்பால்ல பெலாச்சான் இருக்குமேம்மா, அது இறால்ல செஞ்சதுதானே?" என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடமாகப் பெலாச்சான் இடிக்கிறேன். எனக்கு அது உப்பு, புளி மாதிரி ஒரு சாமான்.

"முதல் வாயிலேயே நாக்கு அரிச்சுது அத்தை. நீங்க ஆசையா வெச்சீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் மருமகன்.

இப்போதெல்லாம் நான் யார் தட்டிலும் கேட்காமல் எதையும் வைப்பதில்லை. போன வாரம் கத்தரிக்காய்க் குழம்பு வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம் அத்தை" என்றார். கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.