பெயர் மாற்றும் முன்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் ஓய்ந்த சில மாதங்களில், மலைமேல் கரியாலூரில் ஒருவரிடம் பழைய ஜீப் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற, இருவரும் அந்த ஜீப்பிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பினோம்; அவர்தான் ஓட்டினார். ஒடிசலான மனிதர், பல நாள் தூங்காத கண்கள். மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும், "தோ வந்துடுச்சும்மா" என்றார். பின்சீட்டில் யாருமில்லை.

"யார்கிட்ட சொல்றீங்க?" என்றேன்.

"போராட்டத்தப்ப ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு வந்தேங்க. கீழ ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. 'இன்னும் எவ்ளோ தூரம்ண்ணா'ன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. தோ வந்துடுச்சு, தோ வந்துடுச்சுன்னேன். வண்டியிலயே உசுரு பூடுச்சு."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. பேருகூடத் தெரியாது."

கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும், நேராகப் பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினார். இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்றுச் சுமையோடு ஒருத்தி மெல்ல இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் நின்றார். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"பேஷண்ட் எங்கப்பா?"

"உள்ள பூட்டாங்க."

கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"காலி வண்டியாத்தான உங்களுக்குக் குடுக்கணும்? இப்ப பேரு மாத்திக்கலாங்க."

ஆபீசில் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று வாசலில் அவர் 'உள்ள பூட்டாங்க' என்று சொன்னதும், ஊழியர் சட்டென்று ஆஸ்பத்திரி நடையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.