தாளில் இருக்கு, வாயில் வேண்டாம்

மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்து விரலுக்கும் சொடக்கு எடுத்த பிறகுதான் ‘டக்டக் அக்கா’ தட்டத் தொடங்குவார். நீதிமன்றத் தட்டச்சர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். சாட்சி அழுதால் மெல்லத் தட்டுவார், மூக்கைச் சிந்த நேரம் கிடைக்கட்டும் என்று. வக்கீல் அளந்துவிட்டால் தட்டச்சு விசைகள் ஆலங்கட்டி மழைதான்.

பதிவானதைத் திரும்பப் படிக்கச் சொன்னால், எப்பேர்ப்பட்ட வசவையும் வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பார். கூடம் சிரிக்கும், அவர் முகம் அசையாது. “சம்பளம் வாங்கிட்டுத் திட்டுறவ நான் ஒருத்திதான்” என்பார் வெளியே வந்து.

போன வாரம் ஒரு வழக்கு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்ணை, அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தெருவில் வைத்து ஒரு சொல்லால் அழைத்துவிட்டார். ஆற்றுக்கு அக்கரை மக்களை மட்டம்தட்டும் சொல்; இங்கே வேண்டாம். அக்கா வழக்கம்போல் அதையும் வாசித்தார். அந்தப் பெண்ணின் தலை கவிழ்ந்தது. பக்கத்திலிருந்த மகளின் தலையும் கவிழ்ந்தது. அக்காவின் குரல் பாதி வரியில் நின்றது.

வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார். “அகராதியில ‘அக்கரையில் வசிப்பவர்’னுதான் ஐயா போட்டிருக்கு. ஊரைச் சொன்னா குத்தமா? இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க.”

நீதிபதி தலையசைத்தார். அக்கா எழுந்து நின்றார்.

“ஐயா, தாள்ல எழுத்து எழுத்தா இருக்கு. வாயால இனிமே சொல்லமாட்டேன். மத்த வசவு ஒருத்தர் மேல வர்ற கோபம், ஆறிடும். இது இவங்களோட நிக்கல. இவங்க அம்மா, இவங்க மக, எல்லார் தலையிலயும் விழுது. நான் சும்மா படிச்சதுக்கே விழுந்துச்சே! வெறும் ஊர்ப் பேருதான்னா, வக்கீல் சார் இந்தம்மா முகத்தைப் பார்த்து ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டட்டும்.”

வக்கீல் திரும்பினார். வாயைத் திறந்தார். இருமினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தார்; “அம்மா...” என்றுதான் வந்தது.

முதலில் களுக்கென்று சிரித்தது மகள். பிறகு கூடமே சிரித்தது. நீதிபதி வழக்குக் கட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதைத் தட்டும்போது விசைகள் தாளம் போட்டதைக் கடைசி பெஞ்சிலிருந்து நானே கேட்டேன்.

தாழ்வாரத்தில் சலவைக்கூடத்துப் பெண் வந்து அக்கா முன்னால் நின்றாள். மடங்கிக் கிடந்த அக்காவின் சுடிதார் காலரை நிமிர்த்தி, கட்டைவிரலால் மடிப்பை ஒரே இழுப்பில் நீவிவிட்டாள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைபோல், அக்கா மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.