விடிய வாங்கோ

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சந்தில் யாருக்கும் கடிகாரம் தேவையில்லை. அடையாற்றில் நாங்கள் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். நாலரை மணிக்கு அதன் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டு எழும்பும். அதைத் தொடர்ந்து வாசல்களில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், பால்காரரின் சைக்கிள், கோலமாவு டப்பாவைத் தரையில் தட்டும் சத்தம். பதினெட்டு வருடமாக இதைப் படுக்கையில் கிடந்தபடியே கேட்டு வருகிறேன். இலங்கையில், மன்னாரில் எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குக் கண் விழிப்பவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் மட்டும்தான். இங்கே ஒரு நகரமே ஒரு மாதம் முழுவதும் இருட்டில் எழும்பிக் குளித்துத் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் குனிந்து நிற்கிறது. இன்றைக்கும் அது எனக்குப் புதுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் காலையும் எங்கள் ஊரின் காலையும் ஒன்றல்ல என்பதைப் போன வருட நத்தாருக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். ஊரில் அப்படித்தான் சொல்வோம். இங்கே வந்த புதிதில் ஒரு கடையில் "நத்தாருக்கு உடுப்பு வேணும்" என்று கேட்டேன். "அவருக்கு எத்தன வயசு?" என்று கேட்டார் கடைக்காரர். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

நான் ஓ.எல். வரை, இங்கே பத்தாம் வகுப்பு மாதிரி, படித்தவள். தி. நகர் கடை ஒன்றிலிருந்து கட்டுக்கட்டாகச் சேலைகள் வரும். அவற்றுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது என் வேலை. வாய் திறக்காமலே செய்யக்கூடிய தொழில் என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது. வாய் திறந்தால் "கேரளாவா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், அங்கே இப்போது எப்படி இருக்கிறது, திரும்பிப் போவீர்களா. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதிலே கிடையாது. அதனால் முதல் கேள்விக்கே ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் மலையாளிதான்.

இந்த ஊரில் இன்னொன்றும் எனக்குப் புரியாமல் இருந்தது. எந்தப் பண்டிகை வந்தாலும் "எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். ஊரில் நத்தாருக்கு யாரும் எங்கேயும் போவதில்லை, வருவார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கதவை அகலத் திறந்து வைப்போம். கொக்கிசும் பயத்தம் பணியாரமும் தட்டில் இருக்கும். பெரியம்மா வீட்டார், மாமா வீட்டார், பக்கத்துத் தெரு ஆசிரியர் என்று ஒருவர் மாறி ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். மாலையில் தின்பண்டம் தீர்ந்துவிட்டால் அந்த நத்தார் நல்ல நத்தார். சென்னையில் எங்கள் முதல் கிறிஸ்துமசுக்கும் அப்படியே கதவைத் திறந்து வைத்தேன். நானும் என் கணவர் அன்ரனும் புது உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் வரை எவரும் வரவில்லை. பிறகு ஒரு பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காலைலேர்ந்து கதவு தொறந்தே கீது? எதுனா தொலைஞ்சி பூட்ச்சா?"

அவள்தான் செல்வி. எங்கள் சந்துக்குப் பின்னால் ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தாள். பக்கத்து ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறவள். நான் தட்டை நீட்டினேன். ஒரு கொக்கிசைக் கடித்துப் பார்த்து, "முறுக்குதான், வேற டிசைன்" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சிநேகிதி. அவள் என்னை அக்கா என்பாள், அதே மூச்சில் நீ என்பாள். என்னைவிட ஐந்து வயது இளையவளான அவளை நான் நீங்கள், வாங்கோ என்பேன். "யாரோ ஆபீசர கூப்புடுற மாரி கூப்புட்ற" என்று சிரிப்பாள்.

போன வருடம் நவம்பரில் செல்வி ஒரு செய்தியோடு வந்தாள். அவர்கள் குடியிருப்பில் அரசாங்கத்தார் எல்லோருடைய பெயரையும் எழுதி டோக்கன் கொடுத்துவிட்டார்கள், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுக்கிறார்கள், பொங்கல் கழித்துக் கிளம்ப வேண்டும் என்றாள். அவளும் அவள் கணவர் குமாரும் பிறந்தது, கட்டிக்கொண்டது, மகள் அம்முவைப் பெற்றது எல்லாமே அந்தக் கரையில்தான். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "உன் பண்டிகைய நான் முயுசா பாத்ததேயில்லக்கா. பலகாரம் துன்றதோட சரி. இந்த வாட்டி எங்களையும் இட்டுக்கினு போ" என்றாள்.

அதுவரை நான் யாரையும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. யாராவது அழைத்தால் பின்னால் போவேன், அவ்வளவுதான். ஆனால் இது அவள் இங்கே இருக்கப்போகும் கடைசிக் கிறிஸ்துமஸ். நன்றாக அமையாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. காலண்டர் தாளின் பின்புறத்தில் திட்டம் எழுத ஆரம்பித்தேன். எங்களிடமும் பெரிதாகப் பணம் இல்லை, அவர்களுக்கும் வீடு மாறும் செலவு இருந்தது. அதனால் நுழைவுச்சீட்டு இல்லாத இடங்களாகத் தேடினேன். சாந்தோம் கோயில், அதன் பின்னாலே கடல், மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம், கடைசியாகப் பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் உட்கார்ந்து வேடிக்கை. அரசின் விடியல் பயணத் திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆகவே நான், என் மகள் ஜெனி, செல்வி, அம்மு நாலு பேரும் இலவசம். அன்ரனும் குமாரும் மட்டும்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது.

இங்கேயே பிறந்து வளர்ந்த ஜெனிக்குப் பதினாறு வயது. தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது பிளானா பஸ் ரூட்டா?"

"ரெண்டும்தான்."

"சரி, பஸ்ல நீ சத்தமா பேசாத. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அதையும் தாளில் எழுதியதுபோல் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமசுக்கு முதல் நாள் மாலை செல்வியைத் தெருவில் கண்டேன். "நாளைக்கு விடிய வாங்கோ, எல்லாரும் ஒண்டா வெளிக்கிடுவம்" என்றேன். வெளிக்கிடுவது என்ற சொல்லைக் கேட்டு இங்கே முகம் சுளிப்பார்கள், எங்களுக்கு அது புறப்படுவது. அதைச் செல்வி எப்போதோ என்னிடம் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் தவறாகப் புரிந்துகொண்டது அதை அல்ல.

மறுநாள் கதவு தட்டப்பட்டபோது அம்மன் கோயில் ஒலிபெருக்கிகூட இன்னும் எழும்பவில்லை. ஊரிலிருந்து ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துப் பதறிப் போய்க் கதவைத் திறந்தேன். செல்வி தலைக்குக் குளித்து மல்லிகைப்பூ வைத்து, அரக்கு நிறப் பட்டுச்சேலையில் நின்றாள். குமார் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். அம்மு சரிகைப் பாவாடையோடு அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வியின் கையில் ஒரு தூக்கு, அதில் புளிசோறு. நான் பழைய நைட்டியில் நின்றேன்.

"இன்னாக்கா, இன்னும் தூங்கிக்கினு கீற?"

"என்ன செல்வி, இந்த நேரத்தில? விடியவெல்லோ வரச் சொன்னனான்."

"அதான் விடிய வந்துகீறோம். மூணு மணிக்கே எய்ந்து குளிச்சி."

நான் சொன்ன விடிய என்பது காலை. சூரியன் வந்து, தேநீர் குடித்து, ஒன்பது மணி வரைக்கும் எங்களுக்கு அது விடியதான். அவளுக்கு விடிய என்றால் விடியற்காலை, கோழி கூவுவதற்கும் முன்னால். நான் ஒன்பது மணி என்று சொன்னதும் குமார் நிதானமாகக் கேட்டார்: "அக்கா, உங்க ஊர்ல சூரியன் ஒம்பது மணிக்குத்தான் வருமா?"

பின்னாலிருந்து ஜெனி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதையும் ஒரு சொல்லால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிப் போய்ப் பிறகு வாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. செல்விதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஓசி பஸ்ஸு பேரே விடியல்தானக்கா. போய்ப் பொடவ கட்டு" என்றாள்.

முதல் பஸ்ஸில் நாங்கள் மட்டும்தான். நடத்துனர் எங்கள் பட்டுச்சேலைகளைப் பார்த்து, "கல்யாணமா?" என்றார். "இல்ல, நத்தாரு" என்றாள் செல்வி. அந்தச் சொல்லை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நடத்துனர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு எங்களுக்கு நாலு இலவசச் சீட்டு கிழித்துக் கொடுத்தார். எந்தச் சாமி என்று நினைத்தாரோ.

சாந்தோம் கோயில் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நள்ளிரவுப் பூசைக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள், காலைப் பூசைக்கு வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. நடுவிலே இருந்த அந்த வெறும் நேரம் முழுவதும் எங்களுக்குத்தான். ஒன்பது மணிக்கு வந்திருந்தால் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு அருகிலேயே போயிருக்க முடியாது. அம்மு தடுப்புக் கயிற்றில் முகத்தை வைத்து வைக்கோலையும் ஆட்டுக்குட்டிகளையும் எண்ணினாள். செல்வி மாதாவையும் சூசையப்பரையும் குழந்தையையும் வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க்கா, இவங்களுக்கு வூடு இல்லியா? மாட்டுக் கொட்டாயில பெத்துகீறாங்க?"

"வீடு இருந்தது, வேற ஊரில. பேர் பதிய வரச் சொல்லி அரசாங்கம் அறிவிச்சது. அதுக்கு வந்த இடத்தில தங்க இடம் கிடைக்கேல்ல."

"பேரு எய்த கூப்ட்டாங்களா?" அவள் குமாரைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், இங்க பாரு, இவங்களுக்கும் பேரு எய்திகீறாங்க." பிறகு என்னிடம், "டோக்கன் குட்த்தாங்களா?" என்றாள்.

சின்ன வயதிலிருந்து எத்தனை குடிலைப் பார்த்திருப்பேன். நானே வருடாவருடம் காவல் நிலையத்தில் அகதி என்று என் பெயரைப் பதிந்து கையெழுத்துப் போட்டு வருகிறவள். இருந்தும் சூசையப்பரை ஒரு வரிசையில் நிற்கிற மனிதனாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. "தெரியாது செல்வி, குடுத்திருப்பாங்கள்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். அப்போதுதான் கடலிலிருந்து சூரியன் ஏறியது. செல்வி தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்: "புது எடத்துக்குப் போனா மொதல்ல இன்னா பண்ணணும்க்கா? நீ போயிருக்க, உனக்குத் தெரியும்." இந்த ஊரில் பதினெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் வழி கேட்டதில்லை. கடைக்காரர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பாருங்கள் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்கே திருப்தியாக இல்லை.

மயிலாப்பூரில் கோலங்கள் இன்னும் மிதிபடாமல் இருந்தன. ஒரு வீட்டு வாசலில் கோலத்தின் நடுவே பூசணிப்பூ, அடுத்த வீட்டுப் பால்கனியில் காகித நட்சத்திரம். பாண்டி பஜாரில் கடைகளே திறக்கவில்லை, அதனால் எதையும் வாங்கிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மு நடைபாதை முழுவதும் ஓடினாள். பதினோரு மணிக்கெல்லாம் தாளில் எழுதிய அத்தனையும் முடிந்துவிட்டது. இனி என்ன என்று ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தபோது செல்வி சொன்னாள்: "இப்ப நீ வூட்டுக்குப் போய்க் கதவத் தொற. நாங்க அரமணி நேரம் கயிச்சி விருந்தாளியா வரோம்."

அப்படியே வந்தார்கள். வாசலில் நின்று, திறந்த கதவையே தட்டிவிட்டு வந்தார்கள். மாலைக்குள் தட்டுக் காலியானது.

பொங்கல் கழிந்து அவர்கள் லாரியில் சாமான் ஏற்றியபோது நான் சந்து முனையில் நின்றேன். என் வாழ்க்கையில் வாகனத்துக்கு வெளியே நின்று கையசைத்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் உள்ளே இருந்தவள் நான். வெளியே நிற்பவருக்குக் கையை எப்போது இறக்குவது என்று தெரியாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வி போன் செய்தாள். எட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, காற்றும் வருகிறது என்றாள். பிறகு, "கதவத் தொறந்து வெச்சிக்கினுதான் குந்திக்கினு கீறேன்க்கா. ஒர்த்தரும் வரல" என்றாள். கடற்கரையில் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான் என்று அப்போது தோன்றியது. கதவு திறந்திருந்தால் போதாது, எட்டிப் பார்க்க ஒரு செல்வி வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை நான் வாறன்" என்றேன்.

"விடிய வா" என்றாள்.

எந்த விடிய என்று கேட்பதற்குள் போன் வைத்துவிட்டாள். திரும்ப அழைத்துக் கேட்டிருக்கலாம். என்னவோ கேட்கவில்லை. நாலரைக்குப் போனால் அவளுடைய நேரம், ஒன்பதுக்குப் போனால் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு, கொக்கிஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் டப்பாவைப் பார்த்து, என்ன பலகாரம் என்று கேட்டார். சொன்னேன்.

"கேரளாவா?" என்றார்.

"இல்லை" என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை, எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் மட்டும் வெயில் பட்டிருந்தது.