கடல் கடந்து வந்த கரும்புத் தொட்டில் பிள்ளை

ஆனி மாதத்து ஒரு காலை வேளை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் டிபன் கடையில் நான் வடை போட்டுக்கொண்டிருந்தேன். மலேசியாவிலிருந்து போன் வந்தது. என் கொழுந்தன் முருகனும் அவன் மனைவியும் போன பைக்கில் லாரி மோதி, இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்ததால் குழந்தை மட்டும் தப்பியது. என் வீட்டுக்காரர் கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெயில் வடை கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

முருகன் ஓட்டல் வேலைக்கு மலேசியா போய், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அவளுக்கு உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. குழந்தை தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டு சரசக்காதான் அவளைத் தன்னோடு வைத்திருந்தார். யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்றால் அந்த ஊர் அநாதைக் குழந்தைகள் விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று சொன்னார்.

எங்களுக்கோ கல்யாணமாகி ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகியும் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. பிள்ளை வந்தால் திருவண்ணாமலையில் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் புடவையைத் தொட்டிலாக மாட்டி, குழந்தையை அதில் கிடத்தி, முன்னால் தகப்பனும் பின்னால் தாயுமாகத் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு கார்த்திகைக்கும் போய், ஊரார் சுமப்பதைப் பார்த்துவிட்டு வெறும் தோளோடு திரும்புவேன். "எல்லாருக்கும் குடுக்கிற, என் பேரு மட்டும் மறந்து போச்சா?" என்று அண்ணாமலையானோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று மாலை, "அந்தப் புள்ளைய நாம எடுத்துக்கலாங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாம புள்ள கேட்டோம் சரி. அதுக்காக என் தம்பிய எடுத்துக்கினுதான் குடுக்கணுமா உன் சாமி?"

அந்தக் கேள்விக்கு விடை எனக்கு இன்றும் தெரியாது. எங்களுக்குப் பிள்ளை கொடுக்கத்தான் முருகனை சாமி எடுத்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது வேறு, இது வேறு. அந்தத் துக்கத்தில் அநாதையாக நின்ற ஒரு குழந்தைக்கு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் சாட்சியாகச் சொல்கிறேன்.

வீட்டில் எதிர்ப்புக்கும் குறைவில்லை. என் நாத்தனார் ராணி அண்ணி, "இன்னா மல்லிகா இது? கண்காணாத ஊர்ல பொறந்த புள்ள. பாஷை வேற, சாப்பாடு வேற. நம்ம கிட்ட ஒட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியது அதிசயம் என்று வீட்டுக்காரர் பிறகு கேலி செய்தார்.

நாங்கள் பிடித்த வக்கீல் இங்கும் அங்கும் பேசினார். வேறு நாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பது கடைக்குப் போய் காய்கறி வாங்குவது மாதிரி இல்லை. எல்லாம் ஒருவாறு நகர்ந்தபோது, ஒன்று வந்து குறுக்கே நின்றது. இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று அந்தக் குழந்தையே அதிகாரி முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டுமாம்.

ஆனால் விபத்து நடந்த நாளிலிருந்து தர்ஷினி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோ காலில் நான் தினமும் பேசுவேன். கோட்டை மலையைக் காட்டுவேன், கடைக்கு வரும் குரங்கைக் காட்டுவேன். அவள் பார்ப்பாள். உதடு அசையாது. பேசாமலேயே இருந்துவிட்டால் விடுதிதான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அழுது அழுது கண் வீங்கியது.

அந்தக் கார்த்திகைக்குப் போகவே மனசில்லை. என் வீட்டுக்காரர்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். மாட வீதியில் கூட்டத்தோடு நின்றபடி, "இனிமே தொட்டில் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் புள்ள வாயைத் திறந்து வை, அது போதும்" என்று வேண்டினேன். எங்களைத் தாண்டி ஒரு கரும்புத் தொட்டில் போனது. என்ன தோன்றியதோ, அங்கேயே நின்று சரசக்காவுக்கு வீடியோ கால் போட்டு அதைக் காட்டினேன்.

"பெரியம்மா, அந்தப் பாப்பா ஏன் கரும்புல தொங்குது?"

சத்தியமாகச் சொல்கிறேன், தர்ஷினியின் குரல்தான். பின்னால் சரசக்கா அலறுவது கேட்டது. நான், "அது சாமி குடுத்த பாப்பா. அதான் தூக்கினு போறாங்க" என்றேன்.

முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "என்னையும் தூக்குவீங்களா?"

"தூக்காம? நீ வா, தூக்குறோம்!" என்று என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக் கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தை மாதம் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே நடந்ததை சரசக்கா அழுதுகொண்டே போனில் சொன்னார். "அங்கே போக உனக்குச் சம்மதமா?" என்று கேட்டதற்குத் தர்ஷினி, "போறேன். பெரியப்பா என்னைக் கரும்புத் தொட்டில்ல தூக்குறேன்னு சொல்லியிருக்காரு" என்றாளாம். கரும்புத் தொட்டில் என்றால் என்னவென்று அந்த அதிகாரிக்கு விளங்க வைப்பதற்குள் மொழிபெயர்ப்பவருக்கு வியர்த்துவிட்டதாம்.

கோடையில் வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே கடை வாசலில் நின்று, "பசியாறிட்டீங்களா?" என்று வருகிற ஆட்களையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தாள். அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். இப்போது எங்கள் தெருவே அப்படித்தான் கேட்கிறது. என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அவளுக்கு அம்மா ஒருத்தி இருந்தாள். பெரியம்மா என்று அவள் கூப்பிடுவதே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி.

அடுத்த கார்த்திகைக்கு நல்ல தடிமனான கரும்பாகப் பார்த்து வாங்கிவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ராணி அண்ணிதான். "புள்ள இன்னா கைக்குழந்தையா? ஒடிஞ்சிடப் போகுது, இன்னும் ரெண்டு சேத்துக் கட்டுங்க" என்று அதட்டியதும் அவர்தான்.

தர்ஷினியைப் புடவையில் உட்கார வைத்துத் தூக்கினோம். கரும்பு வில்லாக வளைந்தது. புடவை தொய்ந்து அவள் கால் தரையில் இழுபட்டது. வேண்டுதல் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பகீரென்றது.

"பெரியப்பா, நான் இறங்கி நடக்கவா?"

"தொட்டில விட்டு வெளிய வராத. உள்ளயே நட."

அவள் தொட்டிலுக்குள்ளேயே எழுந்து நின்று, இரண்டு கையாலும் கரும்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முன்னால் அவர், பின்னால் நான், நடுவில் அவள். வீதியே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், அழுதோம், அரோகரா சொன்னோம்.

வேண்டி வேண்டிச் சலித்துப்போனவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கோபம் வந்தால் சாமியோடு சண்டை போடுங்கள், ஆனால் கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நான் தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையைத்தான் கேட்டேன். அவர் எங்களோடு நடந்து வரும் பிள்ளையைக் கொடுத்தார்.